ஆள் மாறினார், வார்த்தை மாறவில்லை: நாகா பேச்சுவார்த்தையின் கதை

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

2021 செப்டம்பர் 18-ஆம் தேதி சென்னை ராஜ்பவனில் ஆர்.என்.ரவி தமிழ்நாட்டின் ஆளுநராகப் பதவியேற்றார். அதற்குப் பிறகு இங்கே நடந்த அரசியல் நம்ம எல்லாருக்கும் தெரியும். இன்றைய எபிசோட் அதைப் பற்றியது இல்லை. அவர் எங்கேயிருந்து கிளம்பி வந்தாரோ, அந்த ஊரைப் பற்றியது.

சென்னையில் பதவியேற்ற அன்றைக்கும் அவரிடம் இன்னொரு பொறுப்பு இருந்தது. நாகா ஆயுதக் குழுக்களோடு மத்திய அரசின் சார்பில் பேசுகிற பிரதிநிதி அவர்தான். அந்தப் பொறுப்பிலிருந்து அவர் விலகியதை உள்துறை அமைச்சகம் ஏற்றுக்கொண்டது செப்டம்பர் 22-ஆம் தேதி. அதாவது நமக்கு ‘புது ஆளுநர் வந்தார்’ என்பது செய்தி. கோஹிமாவிலும் திமாப்பூரிலும் ‘பேசிக்கொண்டிருந்தவர் போய்விட்டார்’ என்பதுதான் செய்தி.

ஒரு பேச்சுவார்த்தை நடுவில் நிற்கும்போது பேசுகிற ஆளை மாற்றினால் என்ன ஆகும்? வழி திறக்குமா, அடைக்குமா? இதுதான் இன்றைக்கு நம்ம கேள்வி. இதற்கு நாகா வரலாறு ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில் 2021-இல் தொடங்கவில்லை. கொஞ்சம் பின்னாடி போவோம்.

கையெழுத்துப் போட்டது யார்?

நாகர்கள் இன்றைய நாகாலாந்தில் மட்டும் வாழ்பவர்கள் இல்லை. மணிப்பூர் மலைகளிலும், அசாம், அருணாசலப் பிரதேசத்தின் சில பகுதிகளிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் மியான்மரிலும் இருக்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்தியா சுதந்திரம் அடைவதற்கு ஒரு நாள் முன்னால், 1947 ஆகஸ்ட் 14 அன்று, நாகா தேசியக் கவுன்சில் தங்கள் நாட்டைச் சுதந்திர நாடாக அறிவித்தது. அதன் முக்கியத் தலைவர் அங்கமி சாபு பிசோ. 1951-இல் அவர்களே ஒரு பொது வாக்கெடுப்பும் நடத்தினார்கள். டெல்லி எதையும் ஏற்கவில்லை. 1950-களின் நடுவில் ஆயுதப் போராட்டம் வெடித்தது, ராணுவம் போனது. 1958-இல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. 1963 டிசம்பர் 1-ஆம் தேதி நாகாலாந்து தனி மாநிலம் ஆனது. ஆனால் தனி மாநிலம் கேட்டுப் பேசியவர்கள் மிதவாதிகள். காட்டில் துப்பாக்கியோடு இருந்தவர்கள் கேட்டது அது இல்லை.

1964-இல் ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் சாலிஹா, பாதிரியார் மைக்கேல் ஸ்காட் மூவரும் சேர்ந்த அமைதிக் குழுவின் முயற்சியால் போர்நிறுத்தம் வந்தது. 1966, 67-இல் நாகா பிரதிநிதிகள் பிரதமர் இந்திரா காந்தியோடு ஆறு சுற்று பேசினார்கள். முடிவு வரவில்லை.

அடுத்த முக்கியமான தேதி 1975 நவம்பர் 11. நெருக்கடி நிலைக் காலம். ஷில்லாங்கில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய அரசின் சார்பில் கையெழுத்திட்டவர் ஆளுநர் எல்.பி.சிங். மறுபக்கம் கையெழுத்திட்டவர்களில் பிசோவின் தம்பியும் ஒருவர். இந்திய அரசியலமைப்பை ஏற்கிறோம், ஆயுதங்களை ஒப்படைக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். லண்டனில் இருந்த பிசோ அதை ஏற்கிறேன் என்றும் சொல்லவில்லை, மறுக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

ஆனால் இன்னொருவர் மறுத்தார். துய்ங்காலெங் முய்வா. மணிப்பூரின் உக்ருல் மாவட்டத்தில் சோம்தல் என்ற ஊரில் பிறந்தவர், தாங்குல் நாகர். அவரும் ஐசக் சுவும் கப்லாங்கும் சேர்ந்து 1980-இல் தொடங்கிய இயக்கம்தான் நாகாலாந்து தேசிய சோசலிசக் கவுன்சில், சுருக்கமாக என்.எஸ்.சி.என். 1988-இல் கப்லாங் தனியாகப் பிரிந்தார். ஐசக், முய்வா பிரிவுக்கு ‘ஐ.எம்.’ என்ற அடையாளம் ஒட்டிக்கொண்டது.

ஷில்லாங்கில் இருந்து முய்வா எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: நம்ம பேரில் வேறொருவர் போய்க் கையெழுத்துப் போடுகிற நிலை இனி வரக் கூடாது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து நாற்காலியை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை.

இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஒருவர்

1995-இல் பிரதமர் நரசிம்ம ராவ் பாரிஸில் ஐசக்கையும் முய்வாவையும் சந்தித்தார். 1997 பிப்ரவரியில் தேவகவுடா ஸூரிக்கில் சந்தித்தார். குஜ்ரால் பிரதமராக இருந்தபோது, 1997 ஆகஸ்ட் 1-ஆம் தேதி போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு தொடர்ந்து பேச ஒரு பிரதிநிதியை வைக்கிற வழக்கம் வந்தது.

முதலில் ஸ்வராஜ் கௌஷல். வழக்கறிஞர், மிசோரம் ஆளுநராக இருந்தவர். 1999-இல் முன்னாள் உள்துறைச் செயலாளர் கே.பத்மநாபய்யா வந்தார், பத்து வருடம் பேசினார். 2010-இல் ஆர்.எஸ்.பாண்டே. நாகாலாந்து பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி, பெட்ரோலியத் துறைச் செயலாளராக இருந்தவர். 2014 ஆகஸ்டில் ஆர்.என்.ரவி. ஐ.பி.எஸ். அதிகாரி, உளவுத்துறையில் நீண்ட அனுபவம் உள்ளவர். 2021-இல் ஏ.கே.மிஸ்ரா, அவரும் உளவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

வழக்கறிஞர், செயலாளர், செயலாளர், உளவுத்துறை, உளவுத்துறை. இந்தப் பக்கம் ஐந்து பேர். மறுபக்கம் இந்த 24 வருடமும் ஒரே ஆள், முய்வா.

நம்ம ஊர் பாகப்பிரிவினையை யோசிச்சுப் பாருங்க. ஒரு தரப்புக்கு வக்கீல் மாறிக்கொண்டே இருக்கிறார். இன்னொரு தரப்பில் ஒரே பெரியவர், முதல் நாளிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். ‘அன்னைக்கு உங்க வக்கீல் இதைத்தானே சொன்னார்?’ என்று அவர் கேட்டால், புது வக்கீலிடம் கோப்பு இருக்கும். அந்தப் பழைய பேச்சு இருக்காது. இந்த ஏற்றத்தாழ்வு நாகா பேச்சுவார்த்தையில் கடைசி வரை இருந்தது.

சரி, இந்த ஐந்து பேரில் இரண்டு பேர் காலத்தில் நடந்ததை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

2001: வார்த்தை போனது, ஆள் இருந்தார்

1997 போர்நிறுத்தம் எந்த நிலப்பரப்புக்கு என்பதில் முதலிலேயே குழப்பம். நாகாலாந்துக்கு மட்டும் என்றது அரசு. நாகர்கள் வாழும் எல்லா இடத்துக்கும் என்றது என்.எஸ்.சி.என். 2001 ஜூன் 14-ஆம் தேதி பாங்காக்கில் இரு தரப்பும் போர்நிறுத்தத்தை நீட்டித்தபோது, அறிக்கையில் ஒரு சொற்றொடர் சேர்ந்தது: ‘நில எல்லைகள் இன்றி’.

டெல்லியில் அது சின்ன விட்டுக்கொடுத்தலாகத் தெரிந்திருக்கலாம். இம்பாலில் அப்படித் தெரியவில்லை. நாகர் வாழும் மலைகளை மணிப்பூரில் இருந்து பிரிக்கப் போகிறார்கள் என்று பள்ளத்தாக்கில் இருந்த மெய்தெய் மக்கள் பயந்தார்கள். ஜூன் 18-ஆம் தேதி இம்பாலில் கூட்டம் தெருவில் இறங்கியது, சட்டமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. துப்பாக்கிச் சூட்டில் 18 பேர் இறந்தார்கள். இன்றைக்கும் ஜூன் 18 அங்கே நினைவு நாள்.

ஜூலை மாதக் கடைசியில் அரசு அந்தச் சொற்றொடரைத் திரும்பப் பெற்றது. நாகர்கள் தரப்பில் கடும் கோபம். கையெழுத்துப் போட்டதை மாற்றுவீர்கள் என்றால் உங்களோடு எப்படிப் பேசுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பேச்சு முறியவில்லை. பத்மநாபய்யா அதே நாற்காலியில் இருந்தார். வார்த்தை ஏன் போனது என்று நேருக்கு நேர் பதில் சொல்ல ஆள் இருந்தது. அடுத்த வருடம், 2002 ஜூலையில், ஆம்ஸ்டர்டாமில் ஒரு கூட்டறிக்கை வந்தது. நாகர்களின் வரலாறும் நிலைமையும் தனித்துவமானவை என்று அதில் இந்திய அரசு ஒப்புக்கொண்டது. 2003 ஜனவரியில் ஐசக்கும் முய்வாவும் டெல்லிக்கே வந்து பிரதமர் வாஜ்பாயைச் சந்தித்தார்கள்.

இறுதித் தீர்வு வந்ததா? வரவில்லை. பத்து வருடம் பேசியும் முடியவில்லை என்ற விமர்சனம் பத்மநாபய்யா காலத்தின் மேல் உண்டு. ஆனால் ஒரு பெரிய உடைசலுக்குப் பிறகும் பேச்சு எழுந்து நடந்தது.

2015: ஒரு வாக்கியம், இரண்டு வாசிப்பு

2015 ஆகஸ்ட் 3. டெல்லியில் பிரதமர் இல்லத்தில் அவசரமாக ஒரு விழா. பிரதமர் மோடி முன்னிலையில் ரவியும் முய்வாவும் ‘கட்டமைப்பு ஒப்பந்தத்தில்’ கையெழுத்திட்டார்கள். ஐசக் சு மருத்துவமனைப் படுக்கையில் இருந்து கையெழுத்திட்டார். அடுத்த வருடம் ஜூனில் அவர் இறந்துவிட்டார். அறுபது வருடப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் அன்றைக்கு எல்லோரும் பேசினார்கள். ஆனால் ஒப்பந்தத்தின் வாசகம் வெளியிடப்படவில்லை. ஐந்து வருடம் யாருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

2020 ஆகஸ்டில் என்.எஸ்.சி.என். (ஐ.எம்.) அதை வெளியிட்டது. சின்ன ஆவணம். அதன் இதயமான வாக்கியம் இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று, இறையாண்மை அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது. இரண்டு, இரு தரப்புகளும் அமைதியாகச் சேர்ந்து வாழ்வதற்கான, நீடித்த, அனைவரையும் உள்ளடக்கிய ஒரு புதிய உறவு.

இப்போ இதை இரண்டு பேர் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்க. டெல்லியில் இருப்பவர் படித்தால்: அதிகாரப் பகிர்வு என்றால் மத்திய, மாநில அதிகாரப் பட்டியல் மாதிரி ஒன்று. எல்லாம் இந்திய அரசியலமைப்புக்குள்தான். முய்வா படித்தால்: இரண்டு தரப்பு என்று எழுதியிருக்கிறது, ‘புதிய உறவு’ என்று எழுதியிருக்கிறது. பழைய உறவு என்பது இந்திய அரசியலமைப்பு. புதியது என்றால் அது அல்லாத வேறொன்று. அப்படியானால் எங்களுக்குத் தனிக் கொடி வேண்டும், தனி அரசியலமைப்பு வேண்டும்.

இரண்டு வாசிப்புக்கும் இடம் கொடுத்ததால்தான் அதில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட முடிந்தது. இது ஏமாற்று வேலை இல்லை. உலகத்தில் நிறைய அமைதி ஒப்பந்தங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. காகிதத்தில் தெளிவு இல்லாதபோது, ‘அன்றைக்குப் பேசும்போது நாம் எதை நினைத்தோம்’ என்பதுதான் ஒப்பந்தத்தின் உண்மையான பொருள். அந்தப் பொருள் இரண்டு மனிதர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களுக்கு இடையில் நம்பிக்கை இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

இரண்டு தொப்பி

அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது?

2017 நவம்பரில் ரவி வேறு நாகா குழுக்களையும் பேச்சுக்குள் கொண்டுவந்தார். நாகா தேசிய அரசியல் குழுக்கள் என்ற கூட்டமைப்போடு தனியாக ஓர் உடன்பாடு. அரசின் பார்வையில் இது சரியான வேலை, நாகர்கள் என்றால் ஒரு குழு மட்டும் இல்லையே. ஷில்லாங்கை மறக்காத முய்வாவுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

2019 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ரவி நாகாலாந்து ஆளுநரானார். பேச்சுவார்த்தைப் பொறுப்பும் தொடர்ந்தது. நாலு நாள் கழித்து காஷ்மீரின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்டது, காஷ்மீரின் தனிக் கொடியும் போனது. இந்த நேரத்தில் நாகர்களுக்குத் தனிக் கொடி கொடுப்பது டெல்லியில் யோசிக்கவே முடியாத விஷயம் ஆகிவிட்டது. அக்டோபர் கடைசிக்குள் முடிக்க வேண்டும் என்று அரசு கெடு வைத்தது. துப்பாக்கிகளின் நிழலில் முடிவில்லாமல் பேசிக்கொண்டிருக்க முடியாது என்று ரவி அறிக்கை விட்டார். கெடு முடிந்தது, கொடி விஷயத்தில் உடன்பாடு வரவில்லை.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் முக்கியம். அரசியலமைப்பின் 371ஏ பிரிவு நாகாலாந்து ஆளுநருக்குச் சட்டம் ஒழுங்கில் சிறப்புப் பொறுப்பு கொடுக்கிறது. பெரும்பாலான மாநில ஆளுநர்களுக்கு இல்லாத அதிகாரம். 2020 ஜூனில், அந்தப் பொறுப்பைச் சுட்டிக்காட்டி ரவி முதல்வர் நெய்பியூ ரியோவுக்குக் கடிதம் எழுதினார். ஆயுதக் கும்பல்கள் மாநிலத்தில் இணை அரசாங்கம் நடத்துகின்றன, பணம் பறிக்கின்றன, சட்டம் ஒழுங்கு குலைந்துவிட்டது என்றது கடிதம்.

கடிதத்தில் சொன்னது பொய்யா? இல்லை. பல குழுக்களும் வியாபாரிகளிடமும் அரசு ஊழியர்களிடமும் ‘வரி’ வாங்குவது ஊரறிந்த விஷயம். 2013 அக்டோபர் 31-ஆம் தேதி, பல குழுக்களுக்கும் வரி கட்டிச் சலித்துப்போன மக்கள் ‘ஒரே அரசு, ஒரே வரி’ என்று திமாப்பூரில் பெரிய பேரணியே நடத்தினார்கள். ஆளுநர் தொப்பி போட்டுக்கொண்டு பார்த்தால் அந்தக் கடிதம் கடமை. ஆனால் பேச்சுவார்த்தையாளர் தொப்பி? காலையில் ‘உங்களோடு இறையாண்மையைப் பகிர்வோம்’ என்று கையெழுத்துப் போட்ட கை, மாலையில் ‘ஆயுதக் கும்பல்’ என்று எழுதினால் எதிரில் இருப்பவர் எந்தக் கையை நம்புவார்? இரண்டு தொப்பியையும் ஒரே தலையில் வைத்தது யார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அது டெல்லியின் முடிவு.

2020 ஆகஸ்டில் என்.எஸ்.சி.என். (ஐ.எம்.) வெளிப்படையாகச் சொன்னது: ரவியை மாற்றுங்கள். அவர்களின் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? மற்ற குழுக்களுக்குக் காட்டிய பிரதியில் ரவி ஒரு வார்த்தையை எடுத்துவிட்டார் என்பது. எந்த வார்த்தை? ‘புதிய’. ‘புதிய உறவு’ வெறும் ‘உறவு’ ஆகிவிட்டது என்றார்கள். இதை நிரூபிக்கத்தான் மூல வாசகத்தை வெளியிட்டார்கள். அரசுத் தரப்போ, ஒப்பந்தத்தில் இல்லாததை எல்லாம் இவர்கள்தான் இருப்பதாகக் கற்பனை செய்கிறார்கள் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. அதே நேரம், மற்ற நாகா குழுக்களின் கூட்டமைப்பு ரவியே தொடர வேண்டும் என்றது. எனவே ‘நாகர்கள் எல்லாரும் அவரை எதிர்த்தார்கள்’ என்று சொன்னால் அது தவறு.

2021: ஆள் போனார், வார்த்தை இருந்தது

ஒரு வருடம் கழித்து ரவி சென்னைக்கு வந்தார், மிஸ்ரா அந்த இடத்துக்குப் போனார். மனக்கசப்பு குறைந்தது, மறுபடி சந்திப்புகள் நடந்தன. ஆள் மாற்றத்தால் இது நிச்சயமாக நடக்கும். பழைய கோபம் புது ஆளிடம் இருக்காது.

ஆனால் மிஸ்ராவின் நிலைமையைப் பாருங்க. முய்வா அவரிடம் கேட்பது ஒரே கேள்வி: ‘புதிய உறவு’ என்று எழுதினீர்களே, அதன் பொருள் என்ன? அதை எழுதும்போது மிஸ்ரா அந்த மேசையில் இல்லை. முய்வா சொல்வதை ஒப்புக்கொள்ள அவருக்கு அதிகாரம் இல்லை. கையெழுத்தான ஆவணம் என்பதால் அதைத் தள்ளவும் முடியாது. அப்புறம் என்ன பேசுவது?

இப்போ இரண்டையும் சேர்த்துப் பாருங்க. 2001-இல் வார்த்தை போனது, பேசியவர் இருந்தார். உயிர்ச்சேதம், அவமானம் எல்லாவற்றையும் தாண்டிப் பேச்சு நகர்ந்தது. 2021-இல் பேசியவர் போனார், வார்த்தை இருந்தது. பேச்சு நின்ற இடத்திலேயே நின்றது. எனக்கு இதிலிருந்து தெரிவது இதுதான்: சிக்கல் ஆளிடம் இருந்தால் ஆளை மாற்றலாம். சிக்கல் வாசகத்தில் இருந்தால், வாசகத்தை உட்கார்ந்து திறந்து பேசாமல் ஆளை மட்டும் மாற்றுவது நேரத்தைத் தள்ளிப்போடுகிற வேலை. நாகா விஷயத்தில் இரண்டு சிக்கலும் இருந்தன. டெல்லி சுலபமானதை மட்டும் செய்தது.

தள்ளிப்போட்ட நேரம் சும்மா போகவில்லை. புதிய பிரதிநிதி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2021 டிசம்பர் 4-ஆம் தேதி மோன் மாவட்டம் ஓடிங் கிராமத்தில், சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்களைத் தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவம் சுட்டது. ஆறு பேர் அந்த இடத்திலேயே செத்தார்கள். அடுத்து வெடித்த மோதலில் இன்னும் பல உயிர் போனது. 1958-ஆம் வருடச் சட்டம் அங்கே அன்றைக்கும் நடைமுறையில் இருந்தது. தீர்வு வராத ஒவ்வொரு வருடமும் அங்கே இருப்பவர்களுக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது.

2024 நவம்பரில் முய்வா இன்னொரு படி போனார். மூன்றாம் தரப்பு மத்தியஸ்தம் வேண்டும், இல்லையென்றால் மீண்டும் ஆயுதப் போராட்டம் என்று எச்சரித்தார். ‘ஆளை மாற்றுங்கள்’ என்பதைத் தாண்டி, ‘உங்கள் ஆள் யாராக இருந்தாலும் போதாது’ என்ற இடத்துக்கு அது வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. 2010-இல் முய்வா தன் சொந்த ஊரான சோம்தலுக்குப் போக முயன்றபோது மணிப்பூர் அரசு அனுமதிக்கவில்லை. 2025 அக்டோபரில்தான் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார், ஐம்பது வருடங்களுக்குப் பிறகு. வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. இத்தனை காலம் டெல்லிதான் ஆளை மாற்றிக்கொண்டிருந்தது. இனி அந்தப் பக்கத்து நாற்காலியும் மாற வேண்டிய நாள் தூரத்தில் இல்லை. பாரிஸ், பாங்காக், ஆம்ஸ்டர்டாம், டெல்லி என்று எங்கே யார் என்ன சொன்னார்கள் என்பது அதிகம் தெரிந்தவர் அவர்தான். அவர் இருக்கும்போதே அந்தச் சின்ன ஆவணத்துக்கு இரண்டு தரப்பும் ஒரே பொருள் எழுதிக்கொண்டால் நல்லது. இல்லையென்றால் நாளைக்கு அந்த மேசையில் உட்காரப் போகிற இரண்டு பேருமே, தாங்கள் எழுதாத ஒரு வாக்கியத்தின் பொருளுக்காகச் சண்டை போட வேண்டியிருக்கும்.

அடுத்த எபிசோடில் இதே வடகிழக்கில் பேச்சுவார்த்தை வெற்றி பெற்ற ஒரு கதை, 1986 மிசோ ஒப்பந்தம். அதிலும் பேசியவர்கள் மாறினார்கள். ஆனால் அங்கே தீர்வு வந்தது. ஏன் என்று பார்ப்போம்.